கொட்டை எழுத்துக்கு ஒப்புதல் தருகிறவர்களுக்கு

பெருங்கடைகளின் பிராண்டு பிரிவில் இருக்கிறவர்களுக்கும், அவர்களுக்கு லோகோ வரைந்து தரும் விளம்பர நிறுவனங்களின் கலை இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரையில் போர்டு செய்கிறவன். நீங்கள் சென்னையிலோ மும்பையிலோ பெரிய திரையில் பார்த்து 'ஓகே' சொல்கிற எழுத்து, கடைசியில் அக்ரிலிக் தகடாக என் பட்டறை மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. நான் அதை வெட்டுகிறேன், பக்கச் சுவர் வளைக்கிறேன், உள்ளே எல்இடி ஒட்டுகிறேன், சாரம் கட்டி மாட்டுகிறேன். மாட்டி முடித்ததும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கிறேன். அந்த இடத்தில் உங்களில் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய கடையின் பிராண்டு கையேடு வந்தது. அறுபது பக்கத்துக்கு மேல். ஆங்கிலப் பெயரைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எந்தச் சிவப்பு, எவ்வளவுக்குக் கீழே சிறிதாக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, நிழல் போடக் கூடாது என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். தமிழுக்குக் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரே வரி: பிராந்திய மொழிகளுக்குப் பொருத்தமான தடித்த எழுத்துருவைப் பயன்படுத்தவும். பொருத்தமானது எது என்பதை யார் முடிவு செய்வது? என் பட்டறையில் கோரல்டிரா (எழுத்தும் படமும் வரைகிற மென்பொருள்) பார்க்கிற இருபத்திரண்டு வயதுப் பையன், சாயங்காலம் ஆறு மணிக்குள், மூன்று போன் அழைப்புகளுக்கு நடுவில்.

இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுத்துத்தான் வேண்டியிருக்கிறது. வட்டமும் கோடுமாக, முனையில் வால் எதுவும் இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக, கொட்டை கொட்டையாக. துணிக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பிரியாணிக்கடை எதுவானாலும் அதே. எனக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொட்டை எழுத்துத்தான் வசதி. கோடு ஒல்லியாக இருந்தால் உள்ளே எல்இடி விளக்குத் துண்டு (மாட்யூல்) உட்காராது. அதோடு இந்த வகை எழுத்து தமிழுக்கு அந்நியமும் அல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்களுக்குக் கோட்டில் தடிப்பு, மெலிவு என்ற பேச்சே கிடையாது. ஆணி போகிற அகலம்தான் கோட்டின் அகலம். ட என்பது இரண்டு கோடு சேரும் ஒரு மூலை. ப மூன்று பக்கச் சதுரம். ஃ மூன்று வட்டம். இதைவிட வடிவகணிதமாக எந்த மொழியில் எழுத்து வேண்டும் உங்களுக்கு?

குறை அந்த வகையில் இல்லை, நீங்கள் அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிற விதத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் ஒரு அண்ணனிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். சுவர் விளம்பரம், கட்சி விளம்பரம், சினிமா, சிமெண்ட் கம்பெனி, எல்லாம் எழுதுவார். நூலில் நீலப்பொடி தடவி இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் சுண்ணாம்புச் சுவரில் கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அதற்குள்தான் எழுத்து. ஆனால் வ, ல, ம என்று வளைவு வருகிற இடத்தில் அண்ணன் நூலைத் தாண்டி ஒரு விரல் கனம் வெளியே விடுவார். நான் முதல் தடவை நூலுக்குள்ளேயே அடக்கி எழுதியபோது தலையில் தட்டி, கீழே இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ப நிமிர்ந்து நின்றது, பக்கத்தில் வ குள்ளமாக, கூனிப்போய்த் தெரிந்தது. ஸ்கேல் வைத்தால் இரண்டும் ஒரே உயரம். கண்ணுக்கு அப்படி இல்லை.

பின்னாளில் கம்ப்யூட்டருக்கு மாறியபோது ஃபியூச்சரா எழுத்துருவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். ஜெர்மனியில் பால் ரென்னர் என்பவர் வரைந்து, ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட எழுத்து. இன்று நீங்கள் கேட்கிற அத்தனை கொட்டை எழுத்துகளுக்கும் பாட்டன் முறை. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் இருப்பதும் அதுதான். அதன் ஆங்கில ஓ (O) முழு வட்டம் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அளந்து பாருங்கள், அப்படி இல்லை. வளைவுகள் கோட்டைத் தாண்டி மேலும் கீழும் கொஞ்சம் வெளியே நிற்கும். வளைவு, எழுத்தின் நேர்கோடான தண்டில் வந்து சேரும் இடத்தில் கோடு மெலியும். இல்லாவிட்டால் அந்த மூலையில் மை தேங்கினாற்போலக் கறுப்பு விழும். ரென்னர் ஆரம்பத்தில் இன்னும் பிடிவாதமாகத்தான் இருந்திருக்கிறார். சின்ன ஆர் எழுத்தை ஒரு குச்சி, பக்கத்தில் ஒரு உருண்டை என்று வரைந்து பார்த்தார். அது நிலைக்கவில்லை, நாம் படிக்கிற வடிவத்துக்கே திரும்பிவிட்டார்கள். எங்கள் அண்ணன் ரென்னர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் இரண்டு பேரும் ஸ்கேலை வைத்துத் தொடங்கி, கண்ணுக்கு விட்டுக்கொடுத்து முடித்தவர்கள்.

ஆங்கிலத்துக்கு இந்த விட்டுக்கொடுப்பெல்லாம் ஏற்கெனவே யாரோ செய்து முடித்துவிட்டார்கள். நீங்கள் காசு கொடுத்தோ இலவசமாகவோ எடுத்துக்கொள்கிறீர்கள். தமிழுக்கு வரும்போது என்ன நடக்கிறது தெரியுமா? உங்கள் கையேடு பாப்பின்ஸ் என்ற எழுத்துருவைச் சொல்கிறது. பாப்பின்ஸில் ஆங்கிலமும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. அதைத் தேர்வு செய்துவிட்டுத் தமிழில் தட்டினால் கணினி கமுக்கமாக வேறொரு எழுத்தை இரவல் வாங்கிப் போட்டுவிடும். விண்டோஸின் லதாவோ நிர்மலாவோ. அது ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் சோகை பிடித்தாற்போல இருக்கும். உடனே என்ன செய்வோம்? சுற்றிலும் அவுட்லைன் ஏற்றுவோம். இரண்டு பாயிண்ட், நான்கு பாயிண்ட், ஆங்கிலத்தின் தண்டு அளவு வரும்வரை. எழுத்து வெளிப்பக்கம் வீங்குகிற அளவுக்கு உள்பக்கமும் வீங்குகிறது. சுழிகளெல்லாம் மூடிக்கொள்கின்றன. அந்தப் படத்தைத்தான் உங்களுக்கு அனுப்புகிறோம். நீங்களும் ஆங்கிலத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு 'ஓகே' போடுகிறீர்கள்.

ஒரு டீக்கடைத் தொடருக்கு இப்படி ஒரு போர்டு செய்தோம். பெயரைச் சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள், பணமும் சொன்ன நாளில் கொடுத்தார்கள். பெயரின் கடைசியில் 'டீ' வரும். டிக்கும் டீக்கும் என்ன வித்தியாசம்? தலைக்கு மேல் போகிற வளைவின் நுனியில் ஒரு சின்னச் சுழி. அவ்வளவுதான். ஏற்றிய தடிமனில் அந்தச் சுழி ஒரு குண்டு நுனியாக மாறியிருந்தது. பகலில் ஏதோ சமாளித்தது. ராத்திரி லைட் போட்டதும் உள்ளே இருந்த துளி இடைவெளியையும் வெளிச்சம் தின்றுவிட்டது. எதிரே நின்று பார்த்தால் சுத்தமாக 'டி'. திறப்பு விழாவுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க, ஊரே என்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் அந்த ஓர் எழுத்தைக் கழற்றி, நானே கையால் வரைந்து, சுழியைப் பெரிதாக்கி மாட்டினேன். கூலி வாங்கவில்லை. தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

இது வேடிக்கையாக முடிந்த கதை. தினமும் நடப்பது இவ்வளவு வேடிக்கையாக இருக்காது. உங்கள் தொழிலில் அடிக்கடி வருகிற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம்: நகைக்கடை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) எழுதினால் எல்லா எழுத்தும் ஒரே உயரம், மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டாது, ஒரு செவ்வகப் பட்டைக்குள் செங்கல் அடுக்கினாற்போல உட்கார்ந்துவிடும். தமிழில் பாருங்கள். இந்தச் சொல்லில் ஐகாரக் கொம்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒவ்வொரு கொம்புக்குள்ளும் இரட்டைச் சுழி. க மூன்று, ஒவ்வொன்றிலும் மேலே படுத்த கோடு, நடுவில் தண்டு, இடப்பக்கம் சுழி, வலப்பக்கம் வளைவு. ஓர் எழுத்தின் அகலத்துக்குள் இத்தனை கோடு. ஆங்கிலத்து எல் (L) எழுத்தில் இருப்பது மொத்தமே இரண்டு கோடு. இரண்டுக்கும் ஒரே தண்டு அளவு வேண்டும் என்று சொன்னால் ஆங்கிலம் கொட்டை எழுத்தாக இருக்கும், தமிழ் கறுப்புக் கட்டியாக இருக்கும். தமிழின் கோடு ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் மெலிந்து, எழுத்து கொஞ்சம் அகன்று இருந்தால்தான் தூரத்தில் இரண்டும் ஒரே கனமாகத் தெரியும். அளவு வேறு, கனம் வேறு. இதைக் கையேட்டில் ஒரு வரியாக எழுதிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதே சொல்லில் ஒரு புள்ளியும் இருக்கிறது. புள்ளி என்றால் உங்களுக்கு ஒரு வட்டம். எனக்கு அது தனி எழுத்து. தனியாக வெட்டணும், தனியாகச் சுவர் கட்டணும், ஒரே ஒரு மாட்யூல் வைத்து, அதற்கென்று ஒரு ஓட்டை போட்டு ஒயர் இழுக்கணும். ஆடி மாதக் காற்றில் முதலில் ஆடுவதும் அதுதான், முதலில் அணைவதும் அதுதான். அணைந்தால் ராத்திரியில் 'நகைககடை'. அழகுக்காகப் புள்ளியைச் சின்னதாக, எழுத்தோடு ஒட்டினாற்போல வைக்கிறீர்கள் சிலர். தயவுசெய்து அதற்கு இடம் விடுங்கள். மேலே புள்ளி, கீழே உகரத்தின் வால், ழகரத்தின் வால் என்று தமிழ் இரண்டு பக்கமும் நீட்டுகிற எழுத்து. ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பட்டையில் அதைத் திணித்தால் முதலில் எழுத்தைச் சுருக்குவோம், பிறகு வாலை நறுக்குவோம். வேறு வழி?

ழ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கெல்லாம் ழ என்றால் உயிர். டீசர்ட்டில், கோப்பையில், சுவர்ப் படத்தில், எங்கே பார்த்தாலும் அழகழகாக ழ. ஒரு ழவுக்குச் செலவழிக்கிற நேரத்தில் கால் பங்கை ர எழுத்துக்குச் செலவழித்திருந்தால் நான் இந்த மடல் எழுதியிருக்க வேண்டாம். ரவின் காலடியில் இருக்கிற சின்னச் சாய்வுக் கோட்டை, வடிவகணிதச் சுத்தத்துக்காக எடுத்துவிடுகிறீர்கள். எடுத்தால் அது துணைக்கால். 'சாரதா' என்ற பெயரை அப்படி எழுதிப் பாருங்கள். ச எழுத்துக்குப் பின்னால் இரண்டு கால் நிற்கும். நாம் பழக்கத்தில் படித்துவிடுவோம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையும், ஊருக்குப் புதிதாக வந்தவரும் படிக்க மாட்டார்கள். ஏகாரக் கொம்பும் இதே கதைதான். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் போட்டுக்கொடுத்த சுழி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கொட்டை எழுத்தில் அது அடைத்துக்கொண்டால் சேலைக்கடை செலைக்கடை ஆகிறது. மூன்று சுழி ணவும் இரண்டு சுழி னவும் ஒன்றாகத் தெரிகிற போர்டுகளை எங்கள் ஊரிலேயே ஒரே தெருவில் காட்டுவேன். ஸ்ரீயில் தொடங்கும் கடைப்பெயர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அது தனிக் கண்ணீர்.

தமிழ் எழுத்தை மாற்றவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருந்த காலத்தில் எழுதிய பழைய போர்டுகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெரியார் தன் பத்திரிகையில் மாற்றி எழுதிக் காட்டினார், 1978இல் தமிழக அரசு அதை ஏற்றது, ஊர் பழகிக்கொண்டது. மாற்றம் வரட்டும். யோசித்து வரட்டும். சுழி அடைத்துப்போனது யாரும் யோசித்துச் செய்த மாற்றம் இல்லை. அது கவனிக்காமல் விட்டது.

இன்னொரு விஷயம் உங்களுக்கு உறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் கொண்டாடுகிற காத்தம் எழுத்துரு எங்கிருந்து வந்தது? ஜிக்யூ பத்திரிகைக்காக 2000இல் டோபியாஸ் ஃப்ரியர் ஜோன்ஸ் அதை வரைந்தபோது, நியூயார்க்கின் போர்ட் அதாரிட்டி பஸ் நிலையத்தின் முகப்பில் இருந்த எழுத்துகளையும், அந்த ஊர்க் கட்டடங்களில் இருந்த பழைய பெயர்ப்பலகைகளையும் பார்த்துத்தான் வரைந்தார். எட்டு வருடம் கழித்து ஒபாமாவின் தேர்தல் பிரசாரம் முழுக்க அதுதான். மாண்ட்செராட் எழுத்துரு? அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரெஸில் அதே பெயருள்ள பழைய பகுதியின் கடைப் பலகைகளைப் பார்த்து ஹூலியெட்டா உலனோவ்ஸ்கி வரைந்து 2011இல் இலவசமாக வெளியிட்டது. இரண்டும் என்னைப் போன்ற போர்டுக்காரர்கள் வரைந்த எழுத்திலிருந்து பிறந்தவை. பஸ் நிலைய முகப்பைப் பார்த்து எழுத்துரு வரையலாம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் சுவரில் எழுதியவர்கள் நாற்பதடி நீளத்துக்குக் கொட்டைத் தமிழ் எழுதினார்கள், ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கிற மாதிரி. சுழி அடைக்காமல் எப்படித் தடிப்பாக்குவது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். உள்வளைவை மட்டும் மெலிதாக்கி, வெளிவளைவுக்குச் சதை போடுவார்கள். எங்கள் அண்ணன் ண எழுதும்போது நடுச்சுழியைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரச்சுழியைச் சிறிதாக்குவார். மூன்றும் சமமாகத் தெரியும். அந்தச் சுவர்கள் மேல் இப்போது டிஸ்டெம்பர் அடித்தாகிவிட்டது. போட்டோகூட எடுத்துவைக்காத பாவி நான்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, பிற மொழி அதற்கடுத்து. 5க்கு 3க்கு 2 என்ற அளவில். அப்படியென்றால் இந்த மாநிலத்தில் உங்கள் பிராண்டின் மிகப் பெரிய எழுத்து தமிழ்தான். ஆங்கிலத்துக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்துவிட்டு, அதைவிடப் பெரிதாக மாட்ட வேண்டியதை என் பட்டறைப் பையனிடம் ஒரு வாட்ஸ்அப்பில் விடுகிறீர்கள். பிறகு அதிகாரி வந்து கேட்டார் என்று பெரிய ஆங்கில எழுத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் பட்டையில் தமிழை ஒட்டச் சொல்கிறீர்கள். அந்தப் பட்டை ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். அபராதத்துக்குப் பயந்து ஒட்டிய தமிழ் என்று சாலையில் போகிற யாருக்கும் தெரியும்.

நல்ல தமிழ் எழுத்துரு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பத்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் இருக்கிறது, ஒல்லியிலிருந்து கொட்டை வரை ஒன்பது தடிமன். ஏக் டைப் குழுவின் அநேக் தமிழ் இருக்கிறது, தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். போர்டு வேலைக்கு அந்த அகல வசதி பெரிய வரம். உருண்டையாக, குண்டாக வேண்டுமென்றால் அவர்களுடையதே பலூ தம்பி. எல்லாம் இலவசம். இவற்றில் கொட்டை எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்; கோடுகள் சேரும் இடத்தில் மெலிவு, சுழிக்குள் காற்று, ரவுக்குக் கால். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஆனாலும் லோகோவுக்கு எழுத்துருவை அப்படியே தட்டிப் போட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவான் கார்ட் எழுத்துருவின் கதை தெரிந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹெர்ப் லுபாலின் அதை முதலில் அதே பெயருள்ள ஒரு பத்திரிகையின் தலைப்புக்காக மட்டுமே வரைந்தார். அந்தப் பெயரில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வருகிறதோ அதற்கேற்ப ஒன்றோடொன்று சாய்ந்து, ஒட்டி, கட்டிப்பிடித்து நிற்கும். 1970இல் எழுத்துருவாக வந்தபின் கண்ட சொற்களிலும் அந்த ஒட்டெழுத்துகளைப் போட்டுக் கெடுத்தவர்கள் நிறைய. ஒரு சொல்லுக்கு வரைந்தது அந்தச் சொல்லுக்குத்தான் அழகு. உங்கள் தமிழ்ப் பெயரும் ஒரு சொல்தானே? மொத்தமே ஆறேழு எழுத்து. எழுத்து வரையத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வாரம் கொடுங்கள். ஆங்கில லோகோ முடிந்தபின் வேண்டாம். ஆங்கிலம் பென்சிலில் இருக்கும்போதே தமிழும் பக்கத்தில் பென்சிலில் இருக்கட்டும். தமிழில் கொம்பு அதிகம் வருகிற பெயர் என்றால் ஆங்கிலத்தின் தடிமனையே ஒரு படி குறைக்க வேண்டி வரலாம். அந்தப் பேச்சு உங்கள் அறையிலேயே நடந்து முடியட்டும். என்னிடம் வருவதற்குள் எல்லாம் அச்சாகியிருக்கிறது, பில்புத்தகம், பை, டெலிவரி வண்டி, எல்லாம்.

ஃபைலில் எழுத்தை எழுத்துருவாக விடாமல் வளைகோடாக மாற்றி அனுப்புங்கள். ராத்திரி லைட்டில் எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன்: கறுப்பு அட்டையில் எழுத்தை வெட்டிப் பின்னால் டியூப்லைட் வைத்து, அறையை இருட்டாக்கி, மறுகோடியில் போய் நின்று பாருங்கள். எந்தச் சுழி மூடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

என் பட்டறையில் ஒரு உரச் சாக்கு இருக்கிறது. லேசரில் எழுத்து வெட்டும்போது சுழிக்குள்ளிருந்து விழுகிற துண்டுகளை அதில் போட்டுவைப்பேன். ஆங்கில எழுத்திலிருந்து விழுந்தவை பெரிது பெரிதாக, வட்டமாக, பேத்தி விளையாட எடுத்துக்கொண்டு போவாள். தமிழிலிருந்து விழுந்தவற்றில் சில அரிசி அளவுதான் இருக்கும். சிலவற்றில் எதுவுமே விழாது. மதுரைப் பக்கம் வந்தால் வாருங்கள், சாக்கைக் கொட்டிக் காட்டுகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்தால் நல்லது, இரண்டு போர்டு லைட் போட்டும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு போர்டுக்காரன்